முன்பள்ளிக்கு அருகிலுள்ள புகையிரத ஒதுக்குக் காணி: விலைக்கு வேண்டாம், குத்தகைக்குக் கேட்போம்

மதிப்புக்குரிய ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நமது முன்பள்ளிக்கு மேற்கே புகையிரத ஒதுக்குக்குள், அதாவது பாதையோரமாகப் புகையிரதத் திணைக்களத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள், கிடக்கும் சிறு துண்டுக் காணியைச் சங்கம் விலைக்கு வாங்க வேண்டும் என்ற யோசனையை வாசித்தேன். பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு முற்றம் இல்லாமல் வகுப்பறைக்கும் வேலிக்கும் இடையில் நெருக்குண்டு நிற்பதை ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆகவே நோக்கத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் காணியை இப்போது அடைத்து வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து அதை எழுதி வாங்கும் வழியை மட்டும் நாம் எடுக்கக் கூடாது என்று வற்புறுத்திக் கேட்கிறேன்.

பஸ் ஓட்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபை 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சபை என்பதால் தன் பெயரில் ஆதனம் வைத்திருக்க முடியும். புகையிரதம் அப்படியன்று, அது அரசாங்கத் திணைக்களம், அதன் கையிலுள்ள காணி அரச காணி. திணைக்களமே நினைத்தாலும் அதை ஒரு சாதாரண உறுதி முடித்து நமக்கு விற்றுவிட முடியாத நிலையில், வேலி போட்டு வைத்திருப்பவர் எதை விற்கப் போகிறார் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

அவரிடமுள்ள பத்திரத்தின் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். நொத்தாரிசின் முத்திரையும் கையெழுத்தும் அதில் உண்டு. ஆனால் நில அளவையாளரின் படத்து இலக்கம் எங்குமே இல்லை. மேற்கெல்லை என்ற இடத்தில் 'புகையிரதப் பாதை' என்று எழுதியிருக்கிறதே தவிர, பாதையிலிருந்து எத்தனை அடி தள்ளி என்ற கணக்கு இல்லை. அந்த எல்லையை அப்படியே ஏற்றால் தண்டவாளமும் சேர்த்து விற்பனைக்கு வந்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன் என்பதே அவருடைய உரிமைக்கு அதில் சொல்லப்படும் ஆதாரம். பத்து வருட ஆட்சி தனியார் காணிக்கு எதிராகச் செல்லுபடியாகலாம். அரச காணியில் அது உரிமையாகாது.

இதை வன்னி ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1990 ஜூனில் வடக்கிற்கான புகையிரதம் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை கிடந்த மண்மேட்டில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் கொட்டில் போட்டார்கள், தென்னம்பிள்ளை வைத்தார்கள். இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டு, 2013 செப்டெம்பர் 14 அன்று ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. பாதைக்குள் குடியிருந்தவர்கள் அதற்கு முன்னரே எழும்ப வேண்டியிருந்தது. அவர்கள் ஆண்டுவந்த காலம் ஒரு உரிமையையும் தரவில்லை. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டத்தின்கீழ் வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்தபின் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ காட்டினால்தான் பேச்சு. நாம் கொடுத்த இலட்சங்களின் பற்றுச்சீட்டை அங்கே காட்டிப் பயனில்லை.

திணைக்களம் தனக்கு உடனே தேவைப்படாத ஒதுக்குக் காணிகளைக் குத்தகைக்குக் கொடுப்பது நடைமுறையில் உள்ளது. அந்த வழியில் நாம் போவோம். நம்மில் யாராவது தம் பெயரில் எடுக்கலாமே என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்குக் காணி உரிமை மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், தனியொருவர் பெயரில் பொதுக் காரியம் நிற்பது நல்லதன்று. ஆகவே பிரதேச செயலகத்தில் பதிவுள்ள நமது கிராம அபிவிருத்திச் சங்கமே விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் கடிதத்தோடு முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குச் சென்று, அந்தத் துண்டு ஒதுக்குக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அளவைப் படத்தில் தெரிந்துகொண்டபின் திணைக்களத்துக்கு எழுதலாம்.

விண்ணப்பத்தில் கட்டடம் எதுவும் கேட்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மலசலகூடத்தை முன்பள்ளியின் சொந்தக் காணிக்குள்ளேயே கட்டிவிட்டு, வெளித்துண்டை விளையாட்டு முற்றமாக மட்டும் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் குறையும். நாளைக்குப் பாதையை அகலப்படுத்தினாலும் நமக்கு நட்டம் பெரிதாக இராது. ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது: பாதைப் பக்கம் ஆளுயரத்துக்குக் கம்பி வலை வேலி, வாசல் எதுவுமில்லாமல். காவலில்லாத கடவைகளில் வடக்கில் எத்தனை உயிர்கள் போயின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாலு வயதுப் பிள்ளை பந்தின் பின்னால் ஓடும்போது கோச்சிச் சத்தம் கேட்காது.

காணியை வைத்திருப்பவரும் நமது ஊரவர். அவர் நட்ட மரங்களுக்கும் போட்ட வேலிக்கும் ஊர்ப் பெரியவர்கள் முன் மதிப்புப் பார்த்து ஒரு தொகை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது காணியின் விலை அன்று என்று அந்தப் பற்றுச்சீட்டிலேயே எழுதப்பட வேண்டும், குத்தகைக் கடிதம் கைக்கு வந்தபின்னரே கொடுக்கப்பட வேண்டும்.

1990 க்கு முன் புகையிரதப் பகுதியில் வேலை செய்தவர்களோ, பழைய எல்லைக் கற்கள் நின்ற இடத்தை அறிந்தவர்களோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு முன்னர் செயலாளருக்கு எழுதுங்கள். சேர்ந்த பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.