பஃபர் அண்டர்ரன்: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமைக் கணினி வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கோயில் மண்டபத்துப் பின்னறையில் விமானம் ஓட்டிப் பழக ஓர் அமைப்பு செய்திருக்கிறோம். ஃபிளைட்கியர் மென்பொருள், அதில் செஸ்னா 172, ஒரு பழைய ஜாய்ஸ்டிக், திரைக்கு யாரோ கொடுத்த டிவி. பிள்ளைகள் ஈப்போவில் ஏறிப் பினாங்கில் இறங்குகிறார்கள். சிலர் கடலில் இறங்குகிறார்கள். தொல்லையெல்லாம் சத்தத்தில்தான். நான் இல்லாதபோது அவர்களே சரிசெய்துகொள்ள ஒரு பக்கக் கையேடு எழுதி, லேமினேட் செய்து மேசைமேல் ஒட்டப் போகிறேன். கடைக்காரர் வியாழன் மதியத்துக்குள் கேட்கிறார்.

கோளாறு மூன்று வகை. ஒன்று, சத்தமே வராது. டிவியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்ததும் விண்டோஸ் ஒலியை டிவிக்குத் திருப்பிவிடும், ஸ்பீக்கர் சும்மா கிடக்கும். இன்னொன்று, ஸ்பீக்கரில் ஓயாத 'ம்ம்ம்'. கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் எதிர்ச்சுவர்ப் பிளக்கிலும் இருந்தால் எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே வந்துவிடும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் அடங்கும். (எர்த் முள்ளைப் பிடுங்கினாலும் அடங்கும்தான். அதை மட்டும் செய்யக் கூடாது என்று சிவப்பில் போட்டிருக்கிறேன்.) இவ்வளவும் தமிழில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

கணினி ஒலியைக் கொஞ்சம் முன்கூட்டியே தயாரித்து பஃபர் என்கிற தற்காலிக இடத்தில் வைக்கிறது. ஒலி அட்டை அதிலிருந்து நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள், ஒலியின் சிறு துண்டு) வீதம் நிற்காமல் எடுத்துக்கொண்டே இருக்கும். பஃபரில் 512 மாதிரி என்றால் கையிருப்பு சுமார் 10.7 மில்லிநொடிக்குத்தான். பினாங்குத் தீவை வரைவதில் கணினி திணறும்போது கையிருப்பு தீர்ந்து, எஞ்சின் சத்தம் பிய்ந்து பிய்ந்து வரும். காட்சித் தரத்தைக் குறைத்தாலோ பஃபரை 1024 ஆக்கினாலோ பெரும்பாலும் நின்றுவிடும். இந்த பஃபர் அண்டர்ரன்னுக்கு ஒரு சொல் தாருங்கள். பிள்ளைகள் போனில் என்னிடம் சொல்லும்படி இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து, செவ்வாய்

புதுச்சொல்லே தேவையில்லை. பஃபருக்கு இடையகம் என்று பட்டியல்களில் இருக்கிறது. அண்டர்ரன் குறைவோட்டம். ஆக, இடையகக் குறைவோட்டம். கையேட்டுக்குக் கையேடு ஒரு சொல் என்று கிளம்பினால் தமிழில் படித்தவனே தமிழைத் தேட வேண்டிவரும்.

ஈப்போவிலிருந்து, செவ்வாய் மாலை

கோவை நண்பர் மன்னிக்க வேண்டும். இடையகம் பட்டியலில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. நூலகம், உணவகம், காப்பகம் என்று பாதிக் கலைச்சொற்களுக்கு நாம் அகம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பஃபரின் வேலை இடையில் இருப்பதா? வருவதைத் தாங்கி வைத்துச் சீராக விடுவதல்லவா?

செங்கல்பட்டுப் பக்கம் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்தவை. பெய்கிற மழையைத் தேக்கி வைத்து மடை வழியாக அளவாக விடுவது. தமிழ்நாட்டு வேதியியல் பாடநூலில் பஃபர் கரைசலுக்குத் தாங்கல் கரைசல் என்றே இருக்கிறது. ஆகவே இது தாங்கல் வற்றல். தங்கு, தாங்கு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. தங்கவைப்பதுதானே தாங்குவது? கெடாமல் தங்குவதால்தான் தங்கத்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்பேன். இதை விரிவாக வேறொரு மடலில் எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து, செவ்வாய் இரவு

எங்கள் பக்கம் தாங்கல் என்றால் நிழல் தாங்கல், அய்யாவழியினர் வழிபடும் இடம். மனத்தாங்கல் எல்லா ஊரிலும் உண்டு. வற்றல் என்றால் சுண்டைக்காய். 'தாங்கல் வற்றல்' என்று ஒட்டி வைத்தால் பிள்ளைகள் ஸ்பீக்கரை வெயிலில் காயப்போடுவார்கள். தாங்கல் வறட்சி என்றாவது வையுங்கள்.

கூலிமிலிருந்து, புதன் காலை

ஐயா, சுங்கை சிப்புட் பிள்ளை செங்கல்பட்டு ஏரியை எங்கே பார்த்தது? கித்தா (ரப்பர்) மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணம், மங்கு, அதை வைத்துச் சொல்லுங்கள். பால் அதில்தானே சேர்ந்து நிற்கும்? பஃபர் என்றால் மங்கு. முடிந்தது.

ஈப்போவிலிருந்து, புதன் காலை

தம்பி, மங்கு மலாய்ச் சொல். மங்கோக். தமிழில் மங்கு என்றால் ஒளி குறைவது.

கூலிமிலிருந்து, புதன் காலை

அதனால் என்ன ஐயா? ஜாய்ஸ்டிக் மட்டும் தொல்காப்பியத்திலா இருக்கிறது?

கோவையிலிருந்து, புதன்

மலாய் என்பதால் நான் மறுக்கவில்லை. மங்கில் பால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து ஒரே கவிழ்ப்பில் வாளிக்குப் போகிறது. இடையகத்தில் ஒலி கட்டுக் கட்டாக வந்து, சொட்டும் தவறாமல் சீராகப் போகிறது. நேர் தலைகீழ். தவிர, அங்கே இப்போது எங்கு பார்த்தாலும் ரப்பருக்குப் பதில் செம்பனை (பாமாயில் மரம்) என்கிறார்கள். பிள்ளைகள் மங்கைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன்

பஃபரைப் பெருப்பித்தால் சத்தம் பிந்தும் என்றும் எழுதினீங்களோ? 1024 என்றால் 21 மில்லிநொடிதான், ஒருத்தருக்கும் தெரியாது. நிற்கவில்லையே என்று ஒரு பிள்ளை 8192 வரைக்கும் ஏற்றினால் 170 மில்லிநொடி. திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் பிடி) தள்ளிக் கொஞ்சம் பிந்தித்தான் எஞ்சின் உறுமும். அதற்குச் சுணக்கம் என்ற சொல் எங்களிடம் புழக்கத்திலேயே இருக்கு. இன்னொன்று: சிமுலேட்டர் என்பதற்குப் பாவனை விமானம் என்று மட்டும் தலைப்புப் போடாதேங்கோ. இங்கே பாவனை என்றால் பயன்படுத்துவது. பழைய விமானத்தை விற்கிறீங்கள் என்று நினைப்பினம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து, புதன் இரவு

சுணக்கத்துக்கு நன்றி, அப்படியே சேர்த்துவிட்டேன். தலைப்பு 'விமானத்தில் சத்தம் சரியில்லையா?' என்றுதான் இருக்கிறது.

இன்று மாலை வகுப்புப் பெண் ஒருத்தி போன் செய்தாள். "சார், பட்டர்வொர்த் தாண்டினதும் செஸ்னா விக்குது" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒலி விக்கல் என்று வைத்தால் என்ன?

கோவையிலிருந்து, புதன் இரவு

விக்கல் வெளியே கேட்பது. அண்டர்ரன் உள்ளே நடப்பது. யூஎஸ்பி ஹெட்செட் செருகி தளர்ந்தாலும் சத்தம் விக்கும். ஒலி அட்டையை 44,100-இல் வைத்துவிட்டு 48,000-இல் ஒலியை அனுப்பினாலும் சில கணினிகளில் கரகரக்கும். எல்லாமே விக்கலா? நோய்க்கும் நோய்க்குறிக்கும் ஒரே பெயர் வைப்பது கலைச்சொல் ஆகாது. விக்கல்தான் வேண்டுமென்றால் விக்குள் என்றாவது எழுதுங்கள். குறள் 335-இல் இருக்கும் வடிவம்.

ஈப்போவிலிருந்து, புதன் நள்ளிரவு

அது நிலையாமை அதிகாரம். நாவை அடக்கிக்கொண்டு மேலெழும் சாவு விக்கல், அது வருமுன் நல்வினை செய் என்கிற குறள். அதையா பிள்ளைகள் மேசையில் ஒட்டச் சொல்கிறீர்கள்?

நாகர்கோவிலிலிருந்து, வியாழன் காலை

விக்குள் மேல்வருமுன் செய்ய வேண்டிய நல்வினை, காட்சித் தரத்தைக் குறைப்பது.

கூலிமிலிருந்து, வியாழன் காலை

விக்கலுக்கு என் ஓட்டு. மங்கைத் திரும்பப் பெறுகிறேன். இருக்கட்டும், செஸ்னா 172 வேகம் குறைந்து ஸ்டால் ஆகப்போகும்போது (இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகும்போது) ஒரு ஊதல் கேட்குமே, அதற்கு மின்சாரமே தேவையில்லை தெரியுமா? இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, உள்ளே ஒரு நாக்கு. காற்று உறிஞ்சப்படும்போது அது ஊதும். சத்தம் சரியில்லாமல் ஓட்டிப் பழகினால் பிள்ளைகளுக்கு அந்த எச்சரிக்கையே காதில் விழாது. ஸ்டாலுக்குத் தமிழ் என்ன?

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன் முற்பகல்

அண்ணே, ஸ்டாலுக்குத் தனி இழை திறந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

கோவை ஐயா சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் கையேட்டை எடுக்கிற பிள்ளைக்குக் காதில் கேட்பது மட்டும்தான் தெரியும். அங்கிருந்துதான் காரணத்துக்குப் போக முடியும். கடைக்கு அனுப்பிவிட்ட பகுதி இது:

'சத்தம் விக்கினால்: முதலில் ஹெட்செட் செருகியை அழுத்திப் பார். அடுத்து ஒலி அமைப்பில் 48,000 இருக்கிறதா பார். அப்புறமும் விக்கினால், ஒலித் தாங்கல் வற்றுகிறது. காட்சித் தரத்தைக் குறை, இல்லையென்றால் தாங்கலை 1024 ஆக்கு. அதற்கு மேல் ஏற்றினால் சத்தம் சுணங்கும்.'

விக்கல் கோளாறின் பெயர், தாங்கல் பஃபரின் பெயர். வற்றலை வினையாக்கிவிட்டதால் சுண்டைக்காய்க்கு வேலையில்லை.

ஈப்போவிலிருந்து, வியாழன் மதியம்

மகிழ்ச்சி. ஒலித் தாங்கல் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். ஒற்று மிகுந்தபின் சேர்த்தே எழுதலாமே, ஒலித்தாங்கல். அடுத்த பதிப்பில் திருத்துக.

கோவையிலிருந்து, வியாழன் மாலை

அடைப்புக்குறிக்குள்ளாவது இடையகம் என்று போட்டிருக்கலாம். நாளைக்கு இதே பிள்ளைகள் வேறொரு தமிழ்க் கையேட்டைத் திறந்து, இடையகம் என்றால் என்ன என்று உங்களைத்தான் கேட்பார்கள். என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். ஸ்டாலுக்கு ஏற்பிழப்பு என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், அந்த இழையில் வந்து சொல்கிறேன்.