‘ரிவார்ட் டிபெண்டன்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஆளுமையின் உயிரியல் அடிப்படை பற்றிய பாடப்பகுதிக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ஐசங்க், கிரே, ஸக்கர்மன், கிளோனிங்கர் என்ற ஆளுமை ஆய்வாளர் நால்வரின் கோட்பாடுகளையும் வினாநிரல் வழியாக ஒப்பிடும் பகுதி அது. கிளோனிங்கரின் ‘நாவல்ட்டி சீக்கிங்’ புதுமை நாட்டம், ‘ஹார்ம் அவாய்டன்ஸ்’ தீங்கு தவிர்ப்பு, ‘ரிவார்ட் டிபெண்டன்ஸ்’ வெகுமதிச் சார்பு. கிரே வழிவந்த ‘ரிவார்ட் சென்சிட்டிவிட்டி’ வெகுமதி உணர்திறன். கடைசி இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் அமைவதால் மாணவர் மனத்தில் எளிதில் தங்கும். குழுவினர் கருத்து வேண்டும்.

——

ஐயா, வணக்கம்.

புதுமை நாட்டம் நல்ல சொல், அப்படியே இருக்கட்டும். வெகுமதிச் சார்பை மட்டும் ஏற்காதீர்கள். நீங்கள் நன்மை என்று சொல்லும் அந்த ஒரே வேர்தான் சிக்கலே.

1987இல் கிளோனிங்கர் தந்த மூன்று பரிமாண வினாநிரலில் 100 கூற்றுகள். ‘ரிவார்ட் டிபெண்டன்ஸ்’ அதில் நான்கு உட்பிரிவு கொண்டது: மனநெகிழ்வு, விடாமுயற்சி, பற்று, பிறரைச் சார்தல். இவற்றில் விடாமுயற்சி மற்ற மூன்றோடும் ஒட்டவில்லை. 1993இல் வந்த 240 கூற்று வினாநிரலில் அது தனி அளவுகோலானது. உட்பிரிவு எண்கள் 1, 3, 4 என்று இரண்டைத் தாண்டிப் போவது அதனால்தான். எஞ்சிய மூன்றும் கேட்பது என்ன? பிறர் துயரில் உருகுகிறீர்களா, மனம் திறந்து பழகுகிறீர்களா, பிறர் ஒப்புதல் வேண்டியிருக்கிறதா என்பதைத்தான். பரிசுக்கும் பணத்துக்கும் பாயும் மனத்தை அது அளக்கவில்லை.

கிரேயின் கோட்பாட்டை ஒட்டி டொருபியா குழுவினர் 2001இல் வெளியிட்ட வினாநிரல் வேறு வகை. மொத்தம் 48 ஆம்/இல்லை வினாக்கள். தண்டனைக்கு 24, வெகுமதிக்கு 24. வெகுமதிப் பகுதி பணம், பாராட்டு, போட்டி, கவர்ச்சி பற்றியது. இதில் உயர்ந்த மதிப்பெண் பெறுபவர் மனநெகிழ்வில் தாழ்ந்திருக்கத் தடையே இல்லை. இரண்டுக்கும் ‘வெகுமதி’ என்று பெயரிட்டால், உயர்ந்த ஒட்டுறவை (இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) எதிர்பார்த்து மாணவர் கணக்கிடுவார். அது குறைவாக வந்ததும் தரவைச் சந்தேகிப்பார். ஒரே பெயர் இருந்தால் ஒரே பொருள் என்று மயங்குவதை உளவியலாளர் தார்ண்டைக் 1904இலேயே சுட்டினார். ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கும் மயக்கத்தைத் தமிழுக்கும் இறக்குமதி செய்ய வேண்டாம். என் பரிந்துரை: உறவுச் சார்பு.

‘ஹார்ம் அவாய்டன்ஸ்’ இன்னும் கடினம். முன்கவலை, நிச்சயமின்மை குறித்த அச்சம், அந்நியரிடம் கூச்சம், எளிதில் களைத்தல் என நான்கு உட்பிரிவு அதற்கு. அதனால் ஐசங்கின் நரம்பியல்தளர்வோடு (எளிதில் கவலைப்படும் இயல்போடு) நேராகவும் புறமுகத்தன்மையோடு (கலகலப்பாகப் பழகும் இயல்போடு) எதிராகவும் ஒட்டும். கிரேயும் மெக்நாட்டனும் 2000இல் திருத்திய கோட்பாட்டிலோ ஆபத்தைவிட்டு விலகுவது ஓர் அமைப்பின் வேலை. ஆபத்தை நெருங்கியே ஆக வேண்டிய நிலையில் தயங்கி எடைபோடுவது இன்னோர் அமைப்பின் வேலை. ‘தவிர்ப்பு’ முதலாவதற்குத்தான் பொருந்தும். அதற்கே அதை ஒதுக்கிவைப்போம். இரண்டாவதை ‘நடத்தைத் தடுப்பு அமைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம் வழக்கில் ‘நடத்தை’ ஒழுக்கத்தைத் தொட்டுவிடும். ‘தயக்க அமைப்பு’ போதும், செயலையும் அது சரியாகச் சொல்கிறது. கிளோனிங்கரின் அளவுகோலுக்குத் ‘தீங்கச்சம்’ என்று வைக்கலாம்.

——

அம்மா, தயக்க அமைப்பு, தீங்கச்சம் இரண்டுக்கும் உடன்படுகிறேன். உறவுச் சார்பில் ஒரு தடை: கிளோனிங்கரின் வாதமே, மனித உறவு தரும் குறிகள் வெகுமதியாக வேலை செய்து பழக்கத்தை நிலைநிறுத்துகின்றன, மூளை வேதிப்பொருளான நார்அட்ரீனலின் அதற்கு அடிப்படை என்பதுதான். பெயரிலிருந்து வெகுமதியை எடுத்தால் அவர் கோட்பாடே மறைந்துபோகாதா?

அதோடு, கிரே வழியில் தயக்கத்தையும் வெகுமதி நாட்டத்தையும் அளக்கும் கார்வர்–வைட் வினாநிரலின் (1994) மதிப்பெண் முறையையும் இப்பகுதியில் சேருங்கள். 24 கூற்றுகள், அவற்றில் 4 வெற்று நிரப்பிகள். ‘மிகப் பொருந்தும்’ என்பதற்கு எண் 1. ஆகவே 2, 22 தவிர மற்ற எல்லாவற்றின் மதிப்பெண்ணையும் திருப்ப (1ஐ 4 ஆக்க) வேண்டும். வழக்கமான பழக்கத்தில் அந்த இரண்டை மட்டும் திருப்பினால் அளவுகோல் முழுதும் தலைகீழாகி, தயக்கத்துக்கும் நரம்பியல்தளர்வுக்கும் எதிர்மறை ஒட்டுறவு வந்து நிற்கும்.

——

ஐயா, கோட்பாட்டை விளக்கும் பத்தியில் ‘உறவே வெகுமதியாதல்’ என்று முழுதாகவே எழுதுவோம். அட்டவணைத் தலைப்பில் நிற்பது அளவுகோலின் பெயர். அது கூற்றுகள் கேட்பதைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன 2, 22 இரண்டும் அச்சமின்மை பற்றியவை, அதோடு எதிர்த்திசையில் எழுதப்பட்டவை. எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பில் அவை பிரிந்து நின்றால், காரணம் அச்சமா, சொல்லமைப்பா என்று அந்தத் தரவு மட்டும் காட்டாது. தமிழாக்கத்தில் இது கூடும்: ‘அரிதாகவே பயப்படுவேன்’ என்ற கூற்றுக்குப் ‘பொருந்தாது’ என்று குறிப்பவர் இரட்டை எதிர்மறையில் சிக்குவார். முன்னோட்டத்தில் அந்த இரண்டையும் வாய்விட்டு விளக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒட்டுறவை நம்பகத்தன்மையோடு (அளவீட்டில் பிழை எவ்வளவு குறைவு என்பதோடு) சேர்த்தே அச்சிடுங்கள். ஓர் அளவுகோலின் நம்பகத்தன்மை 0.70, மற்றதற்கு 0.60 என்றால் இரண்டும் ஒன்றையே அளந்தாலும் ஒட்டுறவு ஏறத்தாழ 0.65ஐத் தாண்டாது. 0.45 கிடைத்தால், அந்த உச்சவரம்பால் வகுத்துத் திருத்திய மதிப்பு 0.69. இதைப் பாராமல் ‘இரண்டும் வெவ்வேறு பண்பு’ என்று எழுதிவிடுவார்கள்.

உறவுச் சார்புக்கு வேறு தடை இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.