ஃப்ளாப் லேசாக நீலம் தட்டுகிறது, ஆனால் ரீஃபில் வேகமாக இருக்கிறது: விடலாமா?

கேள்வி (ஐசியூ செவிலியர்)

கன்னத்தின் உட்புறப் புற்றை எடுத்துவிட்டு, முன்கைத் தோலை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து (இதுதான் ஃப்ளாப்) தைத்த நோயாளிகளைப் பார்க்கிறோம். மணிக்கு ஒருமுறை நிறம், சூடு, ரீஃபில் (அழுத்திவிட்டதும் நிறம் திரும்பும் நேரம்), டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் கருவி) நான்கையும் சார்ட்டில் எழுதுகிறோம். சில நேரம் ஃப்ளாப்பின் ஓரம் லேசாக நீலம் தட்டும். ஆனால் அழுத்திவிட்டால் ஒரு விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும், டாப்ளரும் கேட்கும். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? இரவு 2 மணிக்கு டாக்டரை எழுப்ப வேண்டுமா?

பதில் 1 (பிளாஸ்டிக் சர்ஜன்)

உடனே எழுப்புங்கள் சிஸ்டர். இது வெயின் (ரத்தம் வெளியேறும் குழாய்) அடைப்பின் ஆரம்பம். ஆர்ட்டரி (ரத்தம் உள்ளே வரும் குழாய்) வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. தேங்கிய ரத்தம்தான் அழுத்திய இடத்தைச் சட்டென்று நிரப்புகிறது. ஆரோக்கியமான ஃப்ளாப்பில் 2-3 விநாடி ஆகும்.

டாப்ளரை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வெயின் அடைத்த பிறகும் ஆர்ட்டரி சத்தம் மணிக்கணக்கில் கேட்கும். டாப்ளரின் முனை (ப்ரோப்) கொஞ்சம் சாய்ந்தால் கழுத்து ஆர்ட்டரியின் சத்தமே வந்து ஏமாற்றும். தியேட்டரில் அடையாளத் தையல் போட்ட புள்ளியில் மட்டும் வையுங்கள்.

சந்தேகம் தீர 24 கேஜ் ஊசியால், ரத்தக்குழாய் போகும் பக்கத்தை விட்டு, ஃப்ளாப்பின் நடுவில் ஒரு குத்து. சில விநாடியில் பளிச்சென்ற சிவப்பு கசிந்தால் நல்லது. கறுத்த ரத்தம் உடனே பொங்கினால் வெயின். தோல் வெளுத்து, ரத்தமே வராவிட்டால் ஆர்ட்டரி. நம் ஊர்த் தோல் நிறத்தில் நீலம் கண்ணுக்குத் தாமதமாகத்தான் பிடிபடும், அதனால் ஊசி சொல்வதற்குத்தான் மதிப்பு அதிகம். அதற்காக மணிக்கு மணி குத்தக் கூடாது; ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஓடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கட்டி, நிறமே குழம்பிவிடும்.

அடைப்பு பெரும்பாலும் முதல் 48-72 மணி நேரத்தில்தான் வரும். சீக்கிரம் தியேட்டருக்குப் போய்த் தையலைத் திறந்து, உறைந்த ரத்தக் கட்டியை எடுத்தால் ஃப்ளாப் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விடியட்டும் என்று காத்திருந்தால், பிறகு வெயினைத் திறந்தாலும் நுண்குழாய்களுக்குள் ரத்தம் ஏறாது.

பதில் 2 (ஐசியூ இன்சார்ஜ்)

டாக்டர் வருவதற்குள் முதலில் கழுத்தைப் பாருங்கள். டிரக்கியாஸ்டமி (மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட ட்யூப்) நாடா இறுக்கினால் வெயின்தான் முதலில் நசுங்கும். இந்த நோயாளிகளுக்கு நாடா கட்டாமல் ட்யூபைத் தோலோடு தைத்து வைப்பதே சரி. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தால் நேராக்குங்கள். டிரெயினில் (காயக் கசிவை வெளியேற்றும் குழாய்) வரத்து திடீரென நின்று கழுத்து உப்பினால், உள்ளே ரத்தம் கட்டி ரத்தக்குழாயை அழுத்துகிறது என்று அர்த்தம்.

ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) ஃபீடை அப்போதே நிறுத்திவிடுங்கள். 200 மில்லி கொடுத்த வயிற்றோடு மயக்கம் கொடுப்பது ஆபத்து, வயிறு காலியாகட்டும் என்று காத்திருந்தால் ஃப்ளாப் போய்விடும். ரத்தம் க்ராஸ்மேட்ச்சுக்கு (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனை) அனுப்புங்கள். பிபியையும் சிறுநீரையும் பாருங்கள். சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே போனால் அதையும் போனிலேயே சொல்லுங்கள்.

வாய்க்குள் இருக்கும் ஃப்ளாப்பில் சூடு பார்த்துப் பெரிய பயன் இல்லை, வாயின் சூடுதான் தெரியும். நிறத்தை எப்போதும் ஒரே வெள்ளை டார்ச்சில் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்குள் பார்க்க வேண்டும். "பிங்க்" என்று எழுதியதை மட்டும் படித்தால் எந்த பிங்க் என்று அடுத்தவருக்குத் தெரியாது. தோல் எடுத்த கையின் விரல்களையும் விட்டுவிடாதீர்கள். மரத்துப்போனாலோ வெளுத்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி டாக்டர், நன்றி அக்கா. நெஞ்சுத் தசை ஃப்ளாப்புக்கும் இதே கணக்கா?

பதில் 1

இல்லை. பிஎம்எம்சி (நெஞ்சுத் தசை) ஃப்ளாப்பை வெட்டி எடுத்து ஒட்டுவதில்லை. அதன் ரத்தக்குழாய் சொந்த இடத்திலேயே இருக்க, காரை எலும்புக்கு மேலாகக் கழுத்துக்குள் திருப்பி ஏற்றுகிறோம். நுண்தையல் இல்லாததால் திடீர் அடைப்பு அபூர்வம். கெட்டால் தோலின் கடைசி ஓரம்தான் மெதுவாக, சில நாளில் கறுக்கும். பெண்களுக்கு இடையில் மார்பகத் திசு இருப்பதால் அந்தத் தோல் இன்னும் பலவீனம். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கழுத்தின் மேல் அழுத்தம்: இறுக்கமான கட்டு, நாடா, தலையணை மடிப்பு எதுவும் அந்தத் தசை மேட்டின் மேல் படக் கூடாது. ஒரு வார வாக்கில் கழுத்துத் தையல் சிவந்து, டிரெயினில் எச்சில் போல நுரைத்து வந்தால் வாய்த் தையல் விட்டிருக்கிறது. வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் தகவல் சொல்லுங்கள்.