திருநெல்வேலி சிந்துபூந்துறை நம்ம தெரு குரூப்

28 டிசம்பர் 2023, வியாழன்

இசக்கி ஆட்டோ, காலை 9:21
கேப்டன் விஜயகாந்த் போயிட்டாவளாம். டிவில ஓடுது 😢

பால்கார அண்ணாச்சி, 9:23
ஏல, நெசமாவா? போன வருசமும் இப்பிடித்தான் ஒருத்தன் கெளப்பி விட்டான்.

இசக்கி ஆட்டோ, 9:24
நெசந்தான் அண்ணாச்சி. முந்தாநாளு ஆஸ்பத்திரில சேத்துருக்காவ. கொரோனாவாம், நிமோனியாவாம்.

அட்மின், 9:30
இன்னைக்கு மருந்தடிக்க கார்ப்பரேசன்ல இருந்து வாராவ. வாசல்ல காயப்போட்ட மெத்தை, பாயி எல்லாம் ஓரமா எடுத்து வைங்க. வெள்ளத்துச் சேறை வாறுகால்ல தள்ளாதீங்க, ஏற்கெனவே அடைச்சுக் கிடக்கு.

பெரியத்தை, 9:41
அத்தை சொல்லச் சொல்ல பேத்தி அடிக்கேன். "அந்தப் புள்ள மதுரையில அரிசி மில்லு வச்சிருந்த வீட்டுப் புள்ள. சோத்தோட அருமை தெரிஞ்சவன். யாரு போனாலும் சாப்பிட்டியான்னுதான் மொதல்ல கேப்பானாம்."

பால்கார அண்ணாச்சி, 9:48
அத்தை சொல்லுதது சரிதான். நான் சின்ன வயசுல தி.நகர்ல நம்மூர்க்காரவிய மளிகைக் கடையில பொட்டலம் மடிச்சிட்டுக் கிடந்தேன். சான்ஸ் தேடி வந்தவன், லைட்பாய்னு எல்லாரும் கடைக்கு வருவானுவ. அவரு படம்னா எல்லாருக்கும் ஒரே பந்தி, ஹீரோவுக்கு வைக்க கறிதான் நமக்கும்னு சொல்லுவானுவ. மத்த இடத்துல தக்காளி சாதம்தான்.

இசக்கி ஆட்டோ, 9:52
தங்கமான மனுசன். கருப்பு எம்ஜிஆர் 🙏🙏

வாத்தியார் சார், 10:05
ஆழ்ந்த இரங்கல். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. 2016 எலெக்சன் சமயத்துல இதே குரூப்ல அந்தத் தங்கமான மனுசன் பேசுததை வெட்டி ஒட்டி தெனமும் போட்டது யாரு? தண்ணியப் போட்டுட்டுப் பேசுதாருன்னு எழுதுனது யாரு?

இசக்கி ஆட்டோ, 10:06
சார், அது சும்மா தமாசுக்கு. ஊரே போட்டுச்சுல்லா.

வாத்தியார் சார், 10:11
ஊரே போட்டுச்சு, சரி. அதுக்காக இன்னைக்கு அவரு செஞ்சது எல்லாத்தையும் சரின்னும் நான் சொல்ல மாட்டேன். 2011-ல அவரு கட்சி தேமுதிக 41 தொகுதியில நின்னு 29 செயிச்சுச்சு. நம்ம பக்கம் ராதாபுரத்துலயே முரசு சின்னத்துக்கு விழுந்துச்சு. நானும் ஆசையாத்தான் பாத்தேன். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிய வாங்கிட்டு சட்டசபைக்கு எத்தனை நாளு ஒழுங்காப் போனாரு? 2015 டிசம்பர்ல பத்திரிகைக்காரங்களப் பாத்து "தூ"ன்னு துப்புனாரு. அடுத்த எலெக்சன்ல உளுந்தூர்பேட்டையில டெபாசிட்டே போச்சு. கோட்டி புடிச்ச மாரி நடந்தாரு, ஜனம் கைய விட்டுருச்சு.

சென்னை முத்து, 10:15
சார், நடிகர் சங்கத்துக் கடனை அடைச்சதையும் சேத்துச் சொல்லுங்க. மலேசியா, சிங்கப்பூருன்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போயி கலைநிகழ்ச்சி நடத்தி அடைச்சாரு. எத்தனை நடிகர் வந்தாவ, அத்தனை பேரையும் ஒத்த ஆளா மேச்சாரு.

வாத்தியார் சார், 10:16
அதை யாரு இல்லைன்னா? நான் சொல்லுதது கட்சிய.

பால்கார அண்ணாச்சி, 10:17
எழவு வீட்டுல கணக்குப் பாக்காதீரும் வே.

இசக்கி ஆட்டோ, 11:02
சார் சொன்னது மனசுல கெடந்து உறுத்துச்சு. குரூப்ல "கேப்டன்"னு அடிச்சுத் தேடிப் பாத்தேன். வந்துகிட்டே இருக்கு. பாதிக்கு மேல நான் போட்டதுதான்.
2018-ல கலைஞர் செத்தப்போ, அமெரிக்காவுல வைத்தியத்துக்குப் போன எடத்துல இருந்து ஒரு வீடியோ விட்டாவல்லா. பேச்சே வரல, கேவிக் கேவி அழுதாவ. அதைப் போட்டு கீழ ஆறு சிரிப்பு பொம்மை வச்சிருக்கேன். எண்ணிப் பாத்தேன். ஆறு.

வாத்தியார் சார், 11:06
அதுக்கு அடியில ஒரு கட்டைவிரல் இருக்கு பாரு. அது நான். இப்போதான் பாத்தேன்.

செல்வி மதினி, 11:34
இசக்கி, சொல்லணுமா வேண்டாமான்னு இவ்ளோ நேரம் போனைக் கையில வச்சுகிட்டே உக்காந்திருந்தேன். அந்த வருசம் பங்குனியிலதான் எங்க வீட்டு அவியளுக்கு வாதம் வந்துச்சு. ஆகஸ்டு வாக்குல நாலு வார்த்தை சேத்துப் பேச ஆரம்பிச்சிருந்தாவ. கொழறும், ஆனா எனக்கு வெளங்கும். அந்த வீடியோவ என் போன்ல அவியதான் தொறந்து பாத்தாவ. கீழ வந்த சிரிப்பையும் பாத்தாவ. ஒண்ணும் சொல்லல. போனைக் கட்டில்ல கவுத்தி வச்சிட்டாவ. அதுக்கப்பறம் ஒரு வாரம், தண்ணி வேணும்னாக்கூட கையத்தான் காட்டுனாவ. வாயத் தொறக்கல.

செல்வி மதினி, 11:35
அன்னைக்குக் குரூப்பை மியூட் பண்ணுனது. இந்த வெள்ளத்துக்குத்தான் எடுத்தேன்.

இசக்கி ஆட்டோ, 11:37
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

இசக்கி ஆட்டோ, 11:40
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

இசக்கி ஆட்டோ, 11:52
மதினி, எனக்குத் தெரியாது.

செல்வி மதினி, 11:55
தெரிஞ்சா போட்டிருப்பியா. 18-ந் தேதி விடியக்காலம் ஆத்துத் தண்ணி தார்சாவத் தாண்டி பட்டாசலுக்குள்ள வருது, அவியள நாற்காலியோட தூக்கி மச்சிக்குக் கொண்டு போனது நீதான. உன் ஆட்டோ மெதந்துகிட்டு நிக்கு, அதை விட்டுட்டு வந்த. அதையும் மறக்கல. ரெண்டையும்தான் சொல்லுதேன்.

பெரியத்தை, 12:10
அத்தை ஒண்ணும் சொல்லல. அழுதுகிட்டு இருக்கா. (பேத்தி)

29 டிசம்பர் 2023, வெள்ளி

சென்னை முத்து, மதியம் 3:40
தீவுத்திடல்ல இருந்து ஊர்வலம் கெளம்பிட்டு. கோயம்பேடு பக்கம் ரோடே தெரியல, தலைதான் தெரியுது. என் பக்கத்துல ஒரு வயசான அம்மா ரெண்டு கிலோ பூவ மடியில கட்டிட்டு, கிட்ட போக வழியில்லாம நிக்கா.

வாத்தியார் சார், 3:52
டிவில பாக்கேன். இந்தக் கூட்டத்துல பாதி ஓட்டு போட்டிருந்தா... சரி, விடு.

பால்கார அண்ணாச்சி, 3:53
ஹஹ. வாத்தியாருக்கு நாக்கு அடங்காது.

இசக்கி ஆட்டோ, 5:15
மதினி, அண்ணன் முழிச்சிருக்காவளா?

செல்வி மதினி, 5:18
முழிச்சுதான் இருக்காவ. காலையில இருந்து டிவி முன்னாலதான். நாலு மணிக்கு எதோ சொன்னாவ, எனக்கே மொதல்ல வெளங்கல. ரெண்டாம் தடவை கேட்டேன். "சோறு போட்டவன்"னாவ.

இசக்கி ஆட்டோ, 5:19
நான் வரட்டா?

செல்வி மதினி, 5:23
வா. வரும்போது முக்குக் கடையில பிளீச்சிங் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா. அடுக்களையில இன்னும் சேத்து வாடை போகல.