சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்த காலம்

கடலூர் உறுப்பினர்:

அப்போது நான் எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளர். ஆலயக் கதவு, பண்டக அறை, மைக் பெட்டி, காணிக்கைப் பெட்டி என எல்லாச் சாவியும் ஒரே கொத்தாக என் இடுப்பில் தொங்கும். அதைப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டேன். பெருமை என்று சொல்லியிருக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நான் பண்ருட்டியில், அக்கா வீட்டில். சாவியும் என்னோடு. வெளியே வந்து பார்த்தால் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தன. போனும் இல்லை. நெல்லிக்குப்பம் வழியாகப் பாதி சைக்கிள், பாதி நடை என்று மறுநாள் மதியம்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆலயத்துக்குப் போனால் பண்டக அறைப் பூட்டு உடைந்து கிடக்கிறது! அண்டா இரண்டும் வெளியே அடுப்பில். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளை கடப்பாரையால் நெம்பியிருக்கிறார். பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்காமார் வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள். கூரை போன குடும்பங்கள் ஆலயத்துக்குள். வாலிபப் பையன்கள் தெருத் தெருவாக விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு உடைத்தீர்கள்?"

என் வாயில் முதலில் வந்தது அதுதான். எழுதும்போதும் கூசுகிறது. கோயில்பிள்ளை பதில் சொல்லவில்லை; ஒரு டம்ளர் கஞ்சியை நீட்டினார்.

அன்றிரவு வருடக் கடைசி ஆராதனை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். எங்கள் போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது பைபிளில் யாத்திராகமம் 18. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ ஒரே நாள் பார்த்துவிட்டு, இது நல்லதில்லை, நீயும் தளர்வாய், ஜனங்களும் தளர்வார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது, பத்து என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். (மாமனார் சொன்னதை மருமகன் மறுபேச்சில்லாமல் கேட்டது எனக்குச் செங்கடல் பிளந்ததைவிடப் பெரிய அதிசயம்.)

நானும் அதுவரை எல்லாருக்கும் வேலை கொடுத்துத்தான் வந்தேன். சாவியைத்தான் யாருக்கும் கொடுத்ததில்லை.

புதுச்சேரி உறுப்பினர்:

எங்கள் பங்குக் கோயிலில் நேர்மாறு அண்ணே. ஒரு திருவிழாவுக்குப் பதினைந்து பேர் குழு. கொடியேற்றத்தன்று மாலை ஜெனரேட்டர் வரவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இவர், இவர் சொல்லியிருப்பார் என்று அவர். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6ஐப் பாருங்கள். ஆதித் திருச்சபையில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்களைப் பந்தியில் கவனிப்பதில்லை என்று முணுமுணுப்பு எழுந்ததும் ஏழே பேரை, பேர் சொல்லி, அந்த வேலைக்கென்று நியமித்தார்கள். ஸ்தேவானில் தொடங்கி ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. எங்கள் பங்கிலோ குறை சொல்பவர் குழுப் பக்கமே வர முடியாது. சரி, உங்கள் சபையில் இப்போது சாவி யாரிடம்?

கடலூர் உறுப்பினர்:

பண்டக அறைக்கு வேறு பூட்டு வாங்கவே இல்லை, கொக்கி மட்டும். மற்றவை நாலு பேரிடம். காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. சாவி இரண்டு வீட்டில், இருவரும் வந்தால்தான் திறக்கும். இத்தனை வருடத்தில் காணாமல் போனது ஒரு தார்ப்பாய், ஒரு கரண்டி. கரண்டி அப்புறம் எங்கள் வீட்டிலேயே கிடைத்தது.