ஹலேயகலா உச்சி: விடியல், அந்தி, நட்சத்திரம் மூன்றையும் எப்படிப் பிரித்து வைப்பது?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. மே நடுவில் நான்கு இரவு ஹவாயின் மௌயி தீவில், கடற்கரை ஊரான கிஹேயில் தங்குகிறோம். நியூஜெர்சியிலிருந்து நாங்கள் இருவர், ஏழு வயதுப் பையன், மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா (68), அம்மா (63). அங்குள்ள ஹலேயகலா எரிமலையின் உச்சியில் சூரிய உதயம், அஸ்தமனம், நட்சத்திரம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதற்கு முன்பதிவு வேண்டும்? பெற்றோர் தொட்டபெட்டா வரை சிரமமில்லாமல் ஏறியவர்கள். 10,000 அடி தாங்குமா? இடையில் ஒரு நாள் ஸ்கூபா டைவிங்கும் இருக்கிறது.

கீழ்வானம்:
ஒரே நாளில் மூன்றும் வேண்டாம். கிஹேயிலிருந்து உச்சிக்குப் போக மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். காலையும் மாலையும் போனால் எட்டு மணி நேரம் காரிலேயே கழிந்துவிடும், அதுவும் முழுக்க வளைவுப் பாதை. உச்சி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், மூன்று நாள் செல்லும். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒரு நாள் விடியல், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அந்தி என்று பிரித்துக்கொள்ளலாம். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை கொண்டுபோங்கள்.

முன்பதிவு விடியலுக்கு மட்டும்தான். அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிக்குள் நுழையும் ஒவ்வொரு காருக்கும் வேண்டும். 2017 பிப்ரவரியிலிருந்து இதுதான் விதி. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் காருக்கு 1 டாலர், இது 30 டாலரில் சேராது. 60 நாள் முன்னதாக, ஹவாய் நேரம் காலை 7 மணிக்குத் திறப்பார்கள். அன்று உங்கள் ஊரில் மதியம் 1 மணி. தவறவிட்டால் கவலை வேண்டாம், கொஞ்சம் இடங்களை இரண்டு நாள் முன்பு அதே 7 மணிக்கு மறுபடி விடுகிறார்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் புகைப்பட அடையாள அட்டையோடு காரில் இருக்க வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான்: கணவர் பெயரில் போட்டுவிட்டு அவர் அறையில் தூங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது, ரசீதைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

விடியலை முதல் அல்லது இரண்டாம் காலையில் வையுங்கள். நியூஜெர்சிக்கும் ஹவாய்க்கும் மே மாதத்தில் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே அதிகாலை 2 மணி என்றால் உங்கள் உடம்புக்குக் காலை 8. நான்காம் நாளில் இந்தச் சலுகை கிடைக்காது.

மே நடுவில் உதயம் 5:45 மணியை ஒட்டி. வானம் நிறம் மாறுவது அதற்கு 40 நிமிடம் முன்பே தொடங்கிவிடும். என் கணக்கில் அந்த 40 நிமிடம்தான் காட்சி, சூரியன் எழுவது அதன் முடிவு. ஆகவே 4:45-க்குள் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும், கிஹேயை 2:45-க்கு விட வேண்டும். 9,740 அடியில் இருக்கும் பார்வையாளர் மையம் எரிமலைப் பள்ளத்தை நேராகப் பார்க்கிறது. பக்கத்துக் குன்றில் ஏறிப் பார்க்கப் பலர் போவார்கள், பெரியவர்களுக்கு அது வேண்டாம். அதற்கும் மேலே 10,023 அடியில் உள்ள சிவப்புக் குன்றில் கண்ணாடி அடைத்த கூடம் உண்டு, காற்றுக்கு நல்ல மறைப்பு.

அந்திக்கும் அந்தச் சிவப்புக் குன்றுதான் இடம். மேற்கைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்ப மறந்துவிடாதீர்கள், மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின் மேல் நீண்டு போகும். நேரமிருந்தால் மாலை ஏறும்போது லெலேயிவி முனையில் நில்லுங்கள். பள்ளத்தில் மேகம் நிறைந்து வெயில் முதுகில் அடித்தால், உங்கள் நிழல் மேகத்தில் விழுந்து தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும்.

கேட்டை_மூலம்:
வானத்தைப் பற்றி. விடியலுக்கு முன்பதிவு கிடைத்தால் 3 மணிக்கே வாயிலில் நுழைந்துவிடுங்கள். வாயிலிலிருந்து உச்சிக்கு அரை மணி. மே நடுவில் 4:25 வரை முழு இருட்டு இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பால்வழியின் மையம், அதாவது மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடைப்பட்ட பக்கம், தெற்கில் ஏறக்குறைய 40 டிகிரி உயரத்தில் நிற்கும். மாலையில் தங்கினால் இது கிடைக்காது. மையம் இரவு 9:30-ஐ ஒட்டித்தான் அடிவானத்தில் தலைகாட்டும்.

மாலைக்கு வேறொரு பரிசு உண்டு. சூரியன் 7 மணியை ஒட்டி மறையும், முழு இருட்டுக்கு 8:15 ஆகும். 9:20-க்குத் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். அடி நட்சத்திரம் 6 டிகிரி, மேல் நட்சத்திரம் 12 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் 10 டிகிரி, அவ்வளவுதான் உயரம். உச்சியில் நிற்பதால் தெற்கில் மறைக்க ஒன்றும் இல்லை. துருவ நட்சத்திரம் மதுரையில் 10 டிகிரியில் தாழ்ந்து கிடக்கும், இங்கே 20 டிகிரிக்கு மேல். அப்பா அம்மாவிடம் காட்டுங்கள், எவ்வளவு வடக்கே வந்திருக்கிறார்கள் என்பது கண்ணாலேயே புரியும். விருச்சிகத்தை ஹவாய்க்காரர்கள் மௌயி என்ற வீரனின் தூண்டில் முள் என்கிறார்கள். சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்தவனும் அவனே. ஹலேயகலா என்றால் சூரியனின் வீடு.

நிலவுக்கு வீட்டு நாட்காட்டி போதும். அதிகாலைப் பார்வைக்கு அமாவாசையிலிருந்து வளர்பிறை நவமி வரை நல்லது, 3 மணிக்குள் நிலவு மறைந்துவிடும். மாலைக்குத் தேய்பிறை சதுர்த்தி கழிந்து அமாவாசை வரை. நம்மூர் நாட்காட்டி ஹவாயைவிட 15½ மணி நேரம் முன்னால் ஓடுவதால் ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். காரின் உள்விளக்கை அணைத்து வையுங்கள். வாடகைக் காரின் சாவிப் பொத்தானை அமுக்கினால் எல்லா விளக்கும் மின்னும், சாவியைத் துளையில் போட்டே திறங்கள். படத்துக்கு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடியில் தொடங்குங்கள். காற்றில் முக்காலி ஆடும், நடுத்தண்டை உயர்த்தாமல் பையைத் தொங்கவிடுங்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. போனவர்கள் சிலர் மேகத்துக்குள் நின்றுவிட்டுத் திரும்பியதாகச் சொல்கிறார்கள். குளிருக்கும் காருக்கும் என்ன செய்ய வேண்டும்?

இரண்டாம்கியர்:
மேகம் பெரும்பாலும் 5,000 அடியிலிருந்து 7,000 அடிக்குள் நிற்கும். அங்கே மேலிருக்கும் காற்று கீழிருப்பதைவிட வெப்பமானது, அது மூடிபோல மேகத்தை அமுக்கி வைக்கிறது. கிஹேயில் மழை தூறினாலும் உச்சி தெளிவாக இருப்பது இதனால்தான். பகலில் சரிவு சூடாகி மேகத்தை மேலே இழுக்கும், பிற்பகலில் பள்ளம் நிறையும். மாலையில் மேகத்துக்குள் மாட்டினால் உடனே இறங்கிவிடாதீர்கள். வெயில் போனபின் சரிவு குளிர்ந்து காற்று கீழ்நோக்கித் திரும்பும், அரை மணி, முக்கால் மணியில் விலகுவது உண்டு. தேசிய வானிலை சேவையின் முன்னறிவிப்பை ஊர்ப் பெயரில் பார்க்காமல் வரைபடத்தில் உச்சியைச் சொடுக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். கடற்கரையில் 70 என்றால் மேலே 40. காற்றடித்தால் உறைநிலை போல இருக்கும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, அதன்மேல் காற்றுப் புகாத மழைக்கோட்டு வேண்டும். பையனுக்குக் குல்லா, கையுறை, இரண்டு காலுறை.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், இது 3,055. உயரத்தைவிட வேகம்தான் பிரச்சினை: கடல் மட்டத்திலிருந்து இரண்டே மணி நேரத்தில் ஏறுகிறீர்கள், காற்றழுத்தம் கீழிருப்பதில் 70 சதவீதம்தான். 7,000 அடியில் இருக்கும் பூங்கா அலுவலகத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள், கழிப்பறையும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு வந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள், உடனே இறங்குங்கள். இதயம், நுரையீரல் தொல்லை இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். டைவிங்கை மலை முடித்தபின் வையுங்கள். டைவிங் முடிந்து 24 மணி நேரத்துக்குள் இங்கே ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும். ஊர் திரும்பும் விமானத்துக்கும் அதே கணக்கு.

பூங்காவுக்குள் பெட்ரோலும் இல்லை, சாப்பாடும் இல்லை. வழியில் புகலானி ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். மின்கார் என்றால் இரண்டு டன் வண்டியை 3,000 மீட்டர் தூக்க மட்டும் 16, 17 யூனிட் போகும், தூரத்துக்கான செலவு தனி. இறங்கும்போது தாழ்ந்த கியர். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். கருகல் வாசனை வந்தால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். பல இடங்களில் தடுப்புச்சுவர் இல்லை, மாடுகள் சாலையில் நிற்கும், காலையில் சைக்கிள்காரர்கள் இறங்குவார்கள்.

கீழ்வானம்:
ஒன்று விட்டுப்போயிற்று. வெள்ளி நிறத்தில் வாள்வாளாக இலை விரிந்த செடி ஒன்று வழியில் இருக்கும், பெயர் ஆஹினஹினா. இங்குள்ள வகை உலகிலேயே இந்த மலையில் மட்டும் வளர்வது, பல்லாண்டு வாழ்ந்து ஒரே முறை பூத்துச் சாகும். வேர் மேலாகவே ஓடுகிறது, பக்கத்தில் மிதித்தாலே அறுந்துவிடும். பையனைப் பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள். நேனே வாத்து சாலையோரம் வந்து நின்றால் தின்ன எதுவும் கொடுக்க வேண்டாம், காருக்குப் பழகிய வாத்துதான் சக்கரத்தில் அடிபடுகிறது.