ஈல்டு புள்ளிக்கு ஒரு சொல்: ஆய்வகக் கையேட்டுக்காக

கடலூர், இயந்திரவியல் ஆசிரியை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் மாணவர்களுக்கான பொருள் வலிமையியல் ஆய்வகக் கையேட்டைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் விசை), திரிபு (நீளம் மாறும் விகிதம்), யங் குணகம் (அவ்விரண்டின் விகிதம்), மீட்சி எல்லை (விசையை விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் கடைசி நிலை) ஆகியவை பள்ளி இயற்பியலிலேயே பழகியவை என்பதால் அவற்றில் சிக்கல் இல்லை. ஈல்டு புள்ளியில்தான் (yield point) நின்றுவிட்டேன். மென்னெஃகுக் கம்பியைச் சோதனைப் பொறியில் மாட்டி இழுக்கும்போது, சீராக ஏறிக்கொண்டிருக்கும் விசைமானியின் முள் ஓரிடத்தில் தயங்கிச் சற்றே பின்வாங்கி அங்கேயே ஊசலாடும். விசை கூடாத அந்த நேரத்திலும் கம்பி நீண்டுகொண்டே போகும். அதன் மேல் படிந்துள்ள கறுப்புச் செதில் பொடிப்பொடியாக உதிரும். இதைப் பார்க்கும் மாணவர் குறிப்பேட்டில் எழுத ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஈல்டு என்றால் விட்டுக்கொடுத்தல் என்றும் விளைச்சல் என்றும் பொருள்; இணைய மொழிபெயர்ப்பி தந்த ‘மகசூல் புள்ளி’யை எழுதினால் அவர்கள் நெல் வயலைத்தான் நினைப்பார்கள்.

நெய்வேலி, பராமரிப்புப் பொறியாளர்:

‘நெகிழ்வுப் புள்ளி’ என்று பலர் ஏற்கெனவே எழுதி வருகிறார்கள். அதையே எழுதிவிடுங்கள், அம்மா. ஒரு பொருளுக்கு நான்கு சொற்கள் இருப்பதைவிடக் குறையுள்ள ஒரு சொல் இருப்பது மேல்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பருக்கு என் மறுப்பு. வில்லும் நெகிழ்கிறது, வளைந்த மூங்கிலும் நெகிழ்கிறது. விட்டவுடன் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்ப முடியாத நிலையைச் சொல்ல அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, ஞெகிழிப் பையைத் தடை செய்கிறோம் என்று ஊரெங்கும் பலகை வைத்து, நெகிழ் என்ற வேரையே பாலித்தீனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நம்மிடம் ‘ஒல்குதல்’ என்ற வினை இருக்கிறது. தளர்தல், குழைதல், எதிர்நிற்க மாட்டாமல் வளைந்துகொடுத்தல் ஆகிய பொருள்களையெல்லாம் அது தாங்கும். ‘ஒல்காப் பெரும்புகழ்த் தொல்காப்பியன்’ என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த ஒல்காமைதான் இது. ஊக்கமுடைமை அதிகாரத்தில் ‘சிதைவிடத்து ஒல்கார் உரவோர்’ என்று வள்ளுவர் சொல்லும்போது, சிதைவு, ஒல்கல், உரம் என்று அம்மாவின் கையேட்டுக்கு வேண்டிய மூன்று சொற்களும் ஒரே அடியில் வந்துவிடுகின்றன. ஆகவே ஒல்குபுள்ளி, ஒல்குதகைவு. இவை வினைத்தொகை என்பதால் இடையில் வல்லினம் மிகாது. ‘ஒல்குத்தகைவு’ என்று எவரும் எழுதிவிட வேண்டா. ‘கம்பி ஒல்கியது’, ‘ஒல்காத கம்பி’ என்று வினையாகவும் எச்சமாகவும் ஆளலாம் என்பது கூடுதல் வசதி. ஒல்லி என்ற சொல்லும் இவ்வேரின் கிளையே என்பது என் துணிபு. இழுபட்ட கம்பி நடுவில் ஒல்லியாவதைப் பொறியியலார் அறிவார்கள்.

நெய்வேலி, பராமரிப்புப் பொறியாளர்:

ஐயா, குறள் அழகாகப் பொருந்துகிறது, ஒல்லிதான் பொருந்தவில்லை. கம்பியின் நடுவில் கழுத்து விழுவது இந்தப் புள்ளியில் அன்று. இதைத் தாண்டியபின் எஃகு மீண்டும் கெட்டிப்பட்டு, விசை மறுபடியும் ஏறி, உச்சத்தைத் தொட்ட பிறகே கழுத்து மெலியும். அதன் பிறகே ஒரு முனை கிண்ணமாகவும் மறுமுனை கூம்பாகவும் அறுந்து வரும். வேர்ச்சொல்லை நம்பி மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் மதிப்பெண்ணோடு போகாது. பின்னாளில் அவர் வடிவமைக்கும் அச்சுத்தண்டுக்கும் அது கேடு.

இது வெறும் தேர்வுச் சொல்லும் அன்று. கட்டுமானக் கம்பியின் தரத்தை 500 என்று குறிக்கும்போது அந்த எண் ஈல்டு புள்ளியில் உள்ள தகைவின் சிறும அளவையே, தகைவின் அலகான மெகாபாஸ்கலில் சொல்கிறது, 12 மி.மீ. கம்பியாக இருந்தால் ஏறத்தாழ 5.8 டன் எடை தொங்கும்வரை அது நிலையாக நீளாது என்று பொருள். கடையில் கம்பி வாங்குபவருக்கும் விளங்கும் சொல்லாக இருக்க வேண்டாமா? வகுப்பில் ‘ஒல்குபுள்ளி’ என்று சொன்னால் கடைசி இருக்கையில் இருப்பவர் காதில் ‘ஒழுகுபுள்ளி’ என்று விழும். குழாய்ப் பாடம் என்று நினைத்துக்கொள்வார்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒல்லியை விட்டுவிடுகிறேன்; ஒல்கலை விடமாட்டேன். தகைவு மட்டும் கம்பிக் கடையில் விளங்குகிற சொல்லா? தகைத்தல் என்றால் தடுத்தல் என்பதை எத்தனை மாணவர் அறிந்து படிக்கிறார்கள்? பாடநூல் எழுதியது, ஆசிரியர் சொன்னார், பழகிவிட்டது. இலங்கையில் அதையே தகைப்பு என்றும், நாம் திரிபு என்பதை விகாரம் என்றும் எழுதிப் பழகியிருக்கிறார்கள். விளக்கம் பழக்கத்தில் வருமேயன்றிச் சொல்லோடு பிறந்து வருவதில்லை.

புதுச்சேரி, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்:

இருவரும் ஆங்கிலச் சொல் எதைச் சொல்கிறதோ அதைத் தமிழும் சொல்லியாக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு வாதிடுகிறீர்கள். பிரெஞ்சுப் பொறியியல் நூல்களில் இந்தத் தகைவுக்குப் பெயர் ‘லிமித் தெலாஸ்திசித்தே’, அதாவது மீட்சியின் எல்லை. பணிவதோ விட்டுக்கொடுப்பதோ அதில் இல்லை. ஜெர்மானியர் ‘ஷ்ட்ரெக்கிரென்ஸ’ என்று நீட்சியின் எல்லையைச் சொல்கிறார்கள். நாமும் கண்ணால் காண்பதைச் சொன்னால் என்ன? ‘மீளா நிலை’ என்பது என் பரிந்துரை. கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை ‘மீட்டற்கு அரிது’ என்று புறநானூற்றின் 21ஆம் பாட்டு சொல்வதால் ஐயாவுக்கும் மனக்குறை இராது.

கடலூர், இயந்திரவியல் ஆசிரியை:

மீளா நிலை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பாடத்திட்டம் மீட்சி எல்லையையும் ஈல்டு புள்ளியையும் ஒரே வரைகோட்டில் தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. மீளாமை தொடங்குவது மீட்சி எல்லையைக் கடந்தவுடனேயே. முள் தயங்குவது அதற்குச் சற்று மேலே. பிரெஞ்சுக்காரர் ஒரே பெயரால் காலம் தள்ளலாம், இரண்டு மதிப்பெண் வினாவில் வேறுபாடு எழுதவேண்டிய என் மாணவர்களுக்கு அது முடியாது. 250 மெகாபாஸ்கல் வரை ஒரு மீட்டர் மென்னெஃகுக் கம்பி 1.25 மி.மீ. அளவே நீள்கிறது, அதன்பின் விசை ஏறாமலே 10 மி.மீ.க்கு மேலும் நீளக்கூடும். அந்தத் தயக்கத்துக்குத்தான் பெயர் கேட்டேன்.

பலர் ஏற்கெனவே எழுதி வருவதால், வேண்டா வெறுப்பாகத்தான் என்றாலும், நெகிழ்வுப் புள்ளிக்கே இசைகிறேன். கையேட்டில் முதலில் வரும் இடத்தில் ‘நெகிழ்வுப் புள்ளி எனப்படும் ஈல்டு பாயிண்ட்’ என்றும், அடுத்து வரும் இடங்களில், முள் தயங்கும் இடத்தை மேல் நெகிழ்வுப் புள்ளி என்றும், பின்வாங்கி நிற்கும் இடத்தைக் கீழ் நெகிழ்வுப் புள்ளி என்றும் எழுதுகிறேன். வில் நெகிழ்வதும் கம்பி நெகிழ்வதும் வேறு என்று ஐயா காட்டிய வேறுபாட்டை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.

புதுச்சேரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடிக்குறிப்புக்கு நன்றி. என் வாக்கு ஒல்குபுள்ளிக்கே என்பதைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலி, பராமரிப்புப் பொறியாளர்:

அம்மா, அச்சுக்குக் கொடுக்குமுன் ஒன்றைப் பாருங்கள். அலுமினியத்தை இழுத்தால் முள் எங்கும் தயங்காது, அங்கே 0.2 விழுக்காடு நிலைத்த திரிபு உண்டாக்கும் தகைவைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறோம். அந்தப் புரூஃப் தகைவுக்கு உங்கள் 14ஆம் பக்கத்தில் ‘சான்றுத் தகைவு’ என்றும் 22ஆம் பக்கத்தில் ‘நிறுவு தகைவு’ என்றும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?